பல வகை இருந்தால் நிலம் நன்றாக இயங்குமா? யாழ்ப்பாணத்தில் உயிர்ப்பல்வகைமை ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காணியில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பதற்கும், அந்தக் காணி எவ்வளவு விளைகிறது, விழுந்த இலையை எத்தனை நாளில் மண்ணாக்குகிறது, மழைநீரை எப்படி வடித்துக் கிணற்றுக்கு அனுப்புகிறது என்பதற்கும் தொடர்பு உண்டா? சூழலியலில் கடந்த முப்பது ஆண்டுகளாக மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்ட கேள்வி இது. குடாநாட்டில் இதைக் கையால் செய்து பார்க்க விரும்பும் மாணவர், ஆசிரியர், கமக்காரர் ஆகியோருக்காக இந்தப் பதில்கள்.

சூழற்றொகுதியின் தொழிற்பாடு என்று எதைச் சொல்கிறார்கள்?

நிலத்தில் நடக்கும் வேலையை, அதன் வேகத்தோடு சேர்த்துச் சொல்வது. ஒரு வளவில் நிற்கும் மரங்களின் எடை கையிருப்பு மட்டுமே. அந்த மரங்கள் ஒரு சதுர மீற்றரில் ஆண்டுக்கு எத்தனை கிராம் இலை உதிர்க்கின்றன, அந்த இலை வாரத்துக்கு எத்தனை வீதம் உக்குகிறது, பூசணிப் பூ நூறு பூத்தால் எத்தனை காயாகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது என்பவை தொழிற்பாடுகள். அளக்கும்போது நேரம் வராவிட்டால் பெரும்பாலும் தொழிற்பாட்டை அளக்கவில்லை என்றே பொருள்.

இனங்களை எண்ணி ஒரு பட்டியல் போட்டால் போதாதா?

போதாது. இரண்டு தரவைகளை (புல் நிலங்களை) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 10 வகைச் செடி. முதலாவதில் ஒவ்வொன்றும் 10 வீதம். இரண்டாவதில் ஒரே வகை 91 வீதத்தைப் பிடித்திருக்க, மற்ற ஒன்பதும் ஒவ்வொரு வீதமாக ஒதுங்கி நிற்கின்றன. பட்டியலில் இரண்டும் சமம். சனன் சுட்டியை (இனங்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் அளவை) கணித்து, அதை இயற்கை மடக்கையின் அடியில் அடுக்கேற்றினால் வருவது செயற்படும் இனங்களின் எண்ணிக்கை. முதலாவது தரவைக்கு அது 10, இரண்டாவதுக்கு 1.65 மட்டுமே. அந்த நிலம் நடைமுறையில் ஒன்றரை வகைச் செடியோடு வாழ்கிறது. அறிக்கையில் சுட்டியை 0.50 என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, 1.65 என்று எழுதினால் விளங்கும்.

அதற்கும் அப்பால், ஒவ்வோர் இனமும் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். ஐந்து வகைப் புல்லும் ஐந்து அங்குல ஆழத்தில் வேர் விட்டால் வேலை ஒன்றுதான். ஒரு புல், ஓர் அவரைக் குடும்பச் செடி, ஆழ வேர்விடும் ஒரு பற்றை ஆகிய மூன்றும் சேர்ந்து நின்றால் எண்ணிக்கை குறைவு, வேலை கூட.

இந்தத் துறையின் பெரிய பரிசோதனைகள் எவை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சீடர் கிறீக் ஆய்வு நிலத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே 1987-88 இல் கடும் வரட்சி வந்தது. டேவிட் தில்மனும் ஜோன் டவுனிங்கும் 1994 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூடுதலான இனங்கள் நின்ற புற்பாத்திகள் வரட்சியில் குறைவாகவே விளைச்சலை இழந்தன. உடனே எதிர்ப்பு வந்தது. அந்தப் பாத்திகளில் இனங்கள் குறைந்ததற்குக் காரணம் நைதரசன் உரம். வரட்சிக்குத் தாங்காமற் போனதும் அதே உரத்தின் விளைவாக இருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாத வகையில், அதே 1994 இல் அங்கே 9 மீற்றருக்கு 9 மீற்றர் அளவில் 168 பாத்திகள் அமைத்து, 1, 2, 4, 8, 16 இனங்களை எழுமாற்றாகத் தெரிவு செய்து நேரடியாக விதைத்தார்கள். இனங்களின் எண்ணிக்கை இப்போது விளைவு அல்ல, ஆய்வாளர் கையிலிருந்த காரணி. ஜெர்மனியின் ஜேனாவில் 2002 இல் 60 புல்வெளி இனங்களோடு தொடங்கிய பரிசோதனையும் இதே வழியில் போனது.

இவற்றின் முடிவுகளை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அங்கே குளிர்காலம் வளர்ச்சியை நிறுத்துகிறது. இங்கே தை தொடக்கம் புரட்டாதி வரையான ஈரக்குறைவு நிறுத்துகிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய முறையை.

பலவகைப் பாத்தி ஏன் கூடுதலாக விளைகிறது?

இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரிக்காமல் எழுதிய ஆய்வு பாதி ஆய்வு.

முதலாவது, இட்டுநிரப்பல். ஒரு செடி மேல்மண் நீரை எடுக்க, இன்னொன்று கீழே தேடுகிறது. அவரைக் குடும்பம் வளியின் நைதரசனைப் பிடிக்க, பக்கத்துப் புல்லுக்கு மண்ணின் நைதரசனில் போட்டி குறைகிறது. ஒரே நோய் பாத்தி முழுக்கப் பரவ முடிவதில்லை.

இரண்டாவது, தெரிவு விளைவு. பத்து வகை விதைத்தால் அதில் ஒரு வீரியமான வகை தற்செயலாக இருப்பதற்கான வாய்ப்பு கூட. அது மற்றவற்றை அமுக்கி வளர்ந்து மொத்த எடையை உயர்த்திவிடும். பார்ப்பவர் பன்மையின் பலன் என்று நினைப்பார். உண்மையில் அது ஒருவரின் பலன். 1997 இல் மைக்கேல் ஹஸ்டன் இந்தக் குறையைக் கடுமையாகச் சுட்டினார். 2001 இல் மிசேல் லொறோவும் அன்டி ஹெக்டரும் இரண்டையும் பிரிக்கும் கணக்கைத் தந்தார்கள். அந்தக் கணக்கு கீழே வருகிறது. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு பரப்புக் காணியில் இதைச் செய்யலாமா?

தாராளமாக. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற தோட்டக்காணிக் கணக்கில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். மூன்று பயிர் எடுங்கள்: குரக்கன், பயறு, எள்ளு. தனிப்பயிர் மூன்று, இரட்டைக் கலப்பு மூன்று, மூன்றும் சேர்ந்தது ஒன்று என ஏழு வகைப் பாத்திகள். நான்கு தொகுதிகளாகத் திரும்பச் செய்தால் 28 பாத்திகள். ஒரு பாத்தி 2 மீற்றருக்கு 2 மீற்றர். சுற்றி அரை மீற்றர் நடைபாதை விட்டால் மொத்தம் 175 சதுர மீற்றர். மிச்ச இடம் எல்லைக்கும் பனை நிழல் விழும் மூலைக்கும் போதும்.

வரிக்கு வரி 30 சென்றிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்றிமீற்றர் வைத்தால் ஆறு வரியில் 20 செடி, பாத்திக்கு 120. இந்த 120 எல்லாப் பாத்தியிலும் மாறக்கூடாது. இரட்டைக் கலப்பில் 60 உம் 60 உம். மூன்றின் கலப்பில் 40, 40, 40. கலப்பில் செடிகளை மாறி மாறி ஒரே வரிக்குள் வையுங்கள். தனித்தனி வரியாக வைத்தால் அயற்செடி பெரும்பாலும் தன்னினமே. வேறினங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் குறைந்து, அளக்க வந்த விளைவு மங்கிவிடும். ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டு, 10 ஆம் நாளில் ஒன்றாகக் கலையுங்கள். முளைக்காத இடத்தை அந்த நாளோடு நிரப்பிவிட வேண்டும்.

அறுவடை நடுப்பகுதியில் மட்டும்: நடு நாலு வரி, ஒவ்வொன்றிலும் நடு 12 செடி, ஆக 48 செடி, 1.44 சதுர மீற்றர். ஓரச் செடிகளுக்கு வெயிலும் நீரும் கூட. சேர்த்தால் எல்லாப் பாத்தியும் பொய்யாகப் பெருக்கும். மூன்று பயிரும் வேறுவேறு காலத்தில் முற்றுவதால், உலர் எடையை ஒப்பிட 45 ஆம் நாளில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி, இனம் இனமாகப் பிரித்து, 65 பாகை செல்சியசில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். இனம் பிரிக்காமல் மொத்தமாக நிறுத்துவிட்டால் பின்னர் எந்தக் கணக்கும் செய்ய முடியாது. இந்த ஒரு தவறால் முழுப் போகமும் வீணாகும்.

இங்கே அடிக்கடி பிழைப்பவை மூன்று. முதலாவது இறைப்பு: வாய்க்காலின் தலைமாட்டுப் பாத்தி கால்மாட்டுப் பாத்தியைவிட அதிக நீர் குடிக்கும். ஆகவே தொகுதிகளை வாய்க்காலின் குறுக்கே அமையுங்கள், ஒரு தொகுதியின் ஏழு பாத்தியும் கிணற்றிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கட்டும். அல்லது பூவாளியால் அளந்து ஊற்றுங்கள். இரண்டாவது களை. தனிப்பயிர்ப் பாத்தியில் வெற்றிடம் கூட, களை கூட. பிடுங்காமல் விட்டால் அது தனிப்பயிராக இல்லாமற் போகும். பிடுங்குவதென்றால் எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் பிடுங்குங்கள், பிடுங்கிய களையையும் நிறுத்து எழுதுங்கள். களையை அடக்குவதும் ஒரு தொழிற்பாடு. மூன்றாவது ஆடு. வேலி அடைக்காமல் விதை போட வேண்டாம்.

ஒரு பாத்திக்குள் ஐந்து இடத்தில் அளந்தால் அது ஐந்து மீள்செய்கை ஆகாது. பாத்திதான் அலகு. புள்ளிவிபரத்தில் 28 என்றே எழுத வேண்டும், 140 என்று அல்ல.

கிடைத்த எடைகளை வைத்து எப்படிக் கணக்குப் பார்ப்பது?

விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு சதுர மீற்றருக்குத் தனிப்பயிரின் உலர் எடை: குரக்கன் 600 கிராம், பயறு 300, எள்ளு 240. மூன்றும் கலந்த பாத்தியில் குரக்கன் 260, பயறு 130, எள்ளு 80, மொத்தம் 470.

கலப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு இடம். ஒன்றையொன்று பாதிக்காவிட்டால் 200, 100, 80 வரவேண்டும், அதாவது 380. கிடைத்தது 470. மிகை 90 கிராம்.

இந்த 90 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பயிரின் கலப்பு எடையை அதன் தனிப்பயிர் எடையால் பிரியுங்கள்: 0.433, 0.433, 0.333. எதிர்பார்த்தது எல்லாவற்றுக்கும் 0.333. மிகை 0.1, 0.1, 0. மிகைகளின் சராசரி 0.0667, தனிப்பயிர்களின் சராசரி 380. இரண்டையும் பெருக்கி, இனங்களின் எண்ணிக்கை 3 ஆலும் பெருக்கினால் 76. இது இட்டுநிரப்பல். மிச்சம் 14 தெரிவு விளைவு. சரிபார்க்க: மிகைக்கும் தனிப்பயிர் எடைக்குமான இணைமாறற்றிறனை (இரண்டும் தத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளைப் பயிர் பயிராகப் பெருக்கி, கூட்டி, மூன்றால் வகுத்து, இரண்டால் அல்ல) 3 ஆல் பெருக்கினால் அதே 14 வரும். வராவிட்டால் எங்கோ பிழை.

தெரிவு விளைவு மறையாகவும் வரலாம். வீரியம் குறைந்த பயிர் கலப்பில் எதிர்பாராமல் ஓங்கினால் அப்படி வரும். அதை அழித்துவிட்டு எழுத வேண்டாம், அதுவும் கண்டுபிடிப்பு.

மேலுள்ள கணக்கில் தனிக் குரக்கன் 600, கலப்பு 470. பிறகேன் கலக்க வேண்டும்?

சரியான கேள்வி, பல கட்டுரைகள் இதைக் கடந்து ஓடிவிடுகின்றன. கலப்பு பெரும்பாலும் தனிப்பயிர்களின் சராசரியை வெல்லும். மிகச் சிறந்த தனிப்பயிரை வெல்வது அரிது. நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த பிராட்லி கார்டினேலின் குழுவும் இதே முடிவுக்கு வந்தது. ஒரே போகத்தில் ஒரே பொருளின் எடை மட்டும் வேண்டுமென்றால் சிறந்த பயிரைத் தனியே நடுங்கள்.

ஆனால் எந்த ஆண்டுக்கு எது சிறந்தது என்று முன்கூட்டித் தெரிவதில்லை. மாரி பிந்தினால் ஒன்று, வெள்ளம் நின்றால் இன்னொன்று. எள்ளுக்கு நீர் தேங்கக்கூடாது. நாலு நாள் வெள்ளத்தில் வேர் அழுகும். கலப்பில் ஒன்று விழும் ஆண்டில் மற்றது இடத்தைப் பிடிக்கும். இதைக் காப்புறுதிக் கருதுகோள் என்பார்கள். சோதிக்க ஒரு போகம் போதாது. குறைந்தது நாலைந்து போகத்தின் விளைச்சலை எடுத்து, நியம விலகலைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். கலப்பில் அந்த எண் சிறியதாக வந்தால் கருதுகோள் நிற்கிறது.

இன்னொன்று, தொழிற்பாடு ஒன்றல்ல. எடை, களை அடக்கம், மண்ணில் மிஞ்சும் நைதரசன், தேனீ வரவு ஆகிய நாலையும் ஒரே பயிர் முதலிடத்தில் நின்று செய்வதில்லை. எத்தனை தொழிற்பாட்டைக் கூட்டி எண்ணுகிறோமோ அத்தனைக்குப் பல வகை தேவைப்படுகிறது.

குழை தாழ்ப்பதில் பல இலை கலந்தால் சீக்கிரம் உக்குமா?

குடாநாட்டுத் தோட்டங்களில் பூவரசங்குழை, வாதராணி, வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலை எல்லாம் தாழ்ப்பது, அதாவது பசளையாக மண்ணுக்குள் புதைப்பது, தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள்ளேயே ஒரு முழுச் சூழலியல் பரிசோதனை இருக்கிறது. செய்யும் விதம் இது.

20 சென்றிமீற்றர் சதுரமான நைலோன் வலைப்பை, கண் 2 மில்லிமீற்றர். பூவரசு, கிளிசரியா, பனையோலை மூன்றையும் நிழலில் காயவையுங்கள். ஓலையில் ஈர்க்கை நீக்கி 5 சென்றிமீற்றர் துண்டாக நறுக்க வேண்டும். ஈர்க்கு கலந்தால் பைக்குப் பை வித்தியாசம் பெருகும். ஒவ்வொரு பைக்கும் 10 கிராம். கலப்புப் பையிலும் மொத்தம் 10 கிராம்தான்: இரண்டு இலையென்றால் 5 உம் 5 உம். பத்தும் பத்தும் போட்டால் இலையின் அளவையும் மாற்றிவிட்டோம், வகையின் விளைவு தெரியாது. ஏழு சேர்க்கை, நாலு தொகுதி, நாலு முறை எடுப்பு என 112 பை தேவை. 2, 4, 8, 12 ஆம் வாரங்களில் எடுக்கலாம். 10 சென்றிமீற்றர் ஆழத்தில் புதைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் கீறிய அலுமினியத் துண்டு கட்டுங்கள். மை ஒரு மழைக்கும் நிற்காது.

நிழலில் காய்ந்த இலையிலும் ஈரம் உண்டு. ஒவ்வோர் இலையிலும் ஐந்து மாதிரியை அடுப்பில் உலர்த்தி, உண்மையான தொடக்க எடையைத் திருத்துங்கள். எடுத்த பையைக் கழுவ வேண்டாம், மென்தூரிகையால் தட்டுங்கள். எவ்வளவு தட்டினாலும் வலிகாமத்துச் செம்மண் இலையில் ஒட்டியே நிற்கும். 8 ஆம் வாரத்தில் எடை கூடியதுபோலக்கூடத் தோன்றும். அதனால் உலர்ந்த மாதிரியில் 1 கிராமை 550 பாகை செல்சியசில் 4 மணி நேரம் எரித்துச் சாம்பலைக் கழியுங்கள். அதற்கு மேல் சூட்டை உயர்த்த வேண்டாம். நம்முடைய மண்ணில் சுண்ணாம்பு உண்டு. காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டாகப் போனால் அதையும் இலையின் எடையாக எண்ணிவிடுவோம்.

கணக்கு எளிது. 10 கிராம் 8 வாரத்தில் 4 கிராமானால், 10 ஐ 4 ஆல் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் 0.916, எட்டால் வகுத்தால் வாரத்துக்கு 0.115. பாதி உக்க எடுக்கும் காலம் 0.693 ஐ அதனால் வகுத்து வரும் 6 வாரம்.

கலப்பு விளைவைப் பார்க்கத் தனிப் பைகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பூவரசில் 30 வீதமும் ஓலையில் 80 வீதமும் மிஞ்சினால் கலப்பில் 55 எதிர்பார்க்கலாம். 48 வந்தால் கூட்டு விளைவு உண்டு. காரணமும் தெளிவு: ஓலையில் காபன் கூட, நைதரசன் குறைவு, அதை உடைக்கும் பூஞ்சணத்துக்குப் பக்கத்துப் பச்சிலை நைதரசன் கொடுக்கிறது. எதிர்மாறாகவும் நடக்கும், தனின் (துவர்ப்புப் பொருள்) கூடிய இலை அயல் இலையின் உக்கலையும் மெதுவாக்கும். ஆகவே எந்த இலையோடு எந்த இலை என்பதே கேள்வி. எத்தனை இலை என்பது அதற்குப் பிறகு.

கறையானைப் பற்றி ஒரு சொல். கோடையில் மண் காய்ந்து நுண்ணங்கிகள் ஓய்ந்திருக்கும்போது கறையான் வேலையை எடுத்துக்கொள்ளும். பையைத் துளைத்து எல்லாவற்றையும் கொண்டுபோனால் பரிசோதனை கெட்டது என்று பலர் பையை எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். துளை இருந்ததா என்று குறித்துவையுங்கள். 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள பையையும் அருகே வையுங்கள். இரண்டுக்குமான வித்தியாசம் பெரிய மண் விலங்குகளின் பங்கு.

கிணற்று நீரின் நைத்திரேற்றுக்கும் பயிர்வகைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரே குடிநீரும் இறைப்பு நீரும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மழை, மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் நைத்திரேற்றை (நைதரசனின் நீரில் கரையும் வடிவத்தை) கரைத்து நேரே கீழே இறக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். செறிவாகப் பயிர்செய்யும் வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மலக்குழிகளுக்கும் அதில் பங்குண்டு.

சீடர் கிறீக்கில் 1996 இல் வெளிவந்த முடிவு இங்கே மிகவும் பொருந்தும்: இனங்கள் கூடிய பாத்திகளில் வேர் மண்டலத்தில் மிஞ்சிய நைத்திரேற்று குறைவு. வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் 30 சென்றிமீற்றருக்குள். அதைத் தாண்டிய நைத்திரேற்றை அந்தப் பயிரால் திரும்ப எடுக்க முடியாது. வெங்காயத்துக்குப் பிறகு ஆழவேர்ப் பயிர் வந்தால் ஒரு பகுதியைப் பிடிக்கலாம்.

அளக்க விரும்பினால் 0-20, 20-40, 40-60 சென்றிமீற்றர் ஆழங்களில் மண் எடுங்கள். கல் தட்டினால் அந்த ஆழத்தை எழுதி நிறுத்துங்கள்; வலிகாமத்தில் இது அடிக்கடி நடக்கும். மண்ணை உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். சூடான பொலித்தீன் பைக்குள் ஒரு பகல் கிடந்தால் பற்றீரியாக்கள் தொடர்ந்து நைத்திரேற்று உண்டாக்கும். ஆய்வுகூடத்தில் வரும் எண் தோட்டத்தினுடையதாக இராது, பையினுடையதாகவே இருக்கும். அன்றே 2 மூலர் பொற்றாசியங் குளோரைட்டில் 1:10 விகிதத்தில் ஒரு மணி நேரம் குலுக்கி வடியுங்கள், முடியாவிட்டால் உறையவையுங்கள்.

பல வகை நட்டால் யூரியா தேவையில்லையா?

அப்படிச் சொல்வது கமக்காரருக்குச் செய்யும் தீங்கு. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் எழுந்தது. கணக்குப் பாருங்கள். 10 கிலோ யூரியாவில் 4.6 கிலோ நைதரசன். காய்ந்த கிளிசரியா இலையில் ஏறத்தாழ 3.5 வீதம். அதே நைதரசனுக்கு 130 கிலோ காய்ந்த இலை, பச்சையாக அரை தொன்னுக்கு மேல் வேண்டும். அது முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பதும் இல்லை. யூரியாவைக் குறைக்கலாம், படிப்படியாக, அளந்து. சணல், பயறு போன்றவற்றின் வேர்க்கணு வேலை செய்கிறதா என்று அறிய ஒன்றை வெட்டிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைதரசன் பிடிக்கிறது, வெள்ளை அல்லது பச்சையென்றால் இல்லை.

வேலியை மதிலாக்கினால் இழப்பதை அளக்க முடியுமா?

முடியும், அளக்கவும் வேண்டும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, கிளிசரியா என்று கதியால் போட்ட வேலி குடாநாட்டின் ஒழுங்கைகள் முழுக்க ஓடும் ஒரு காடு. அகலம் ஒரு மீற்றர், நீளம் கணக்கில்லை. அது போகும் வேகம் கவலைக்குரியது; போனபின் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

ஒரே ஒழுங்கையில் 50 மீற்றர் வேலியும் 50 மீற்றர் மதிலும் சோடியாக எடுங்கள், குறைந்தது பத்துச் சோடி. காலை 6.30 க்கும் 9.30 க்கும் இடையில், ஒரு நாள் வேலியை முதலிலும் மறுநாள் மதிலை முதலிலும் பாருங்கள். தாவர வகை, பறவை, பூவுக்கு வரும் பூச்சி ஆகியவற்றைப் பத்து நிமிட அளவில் எண்ணலாம். அதோடு நிற்காமல் தொழிற்பாட்டையும் எடுக்க வேண்டும்: ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டும் குழையின் எடை, அருகிலுள்ள பூசணியில் காய்ப்பிடிப்பு. பிந்தியதற்கு முதல்நாள் மாலை பெண் மொட்டுகளில் இருபதை மெல்லிய துணிப்பையால் மூடி, இருபதைத் திறந்துவிட்டு, இருபதுக்குக் காலையில் கையால் மகரந்தம் தடவுங்கள். கையால் தடவியது கூடவும் திறந்தது குறைவாகவும் காய்த்தால் அந்த இடத்தில் தேனீ போதவில்லை.

பாதீனியமும் ஓர் இனம்தானே? வந்தால் பல்வகைமை கூடுகிறதே?

வந்த அன்று ஒன்று கூடும். இரண்டு மழைக்குப் பிறகு மேலே சொன்ன 1.65 போன்ற எண்ணுக்குத் தரவை இறங்கும். அதன் இலையிலும் வேரிலும் உள்ள பார்த்தெனின் என்னும் பொருள் அயற்செடிகளின் முளைப்பைத் தடுக்கிறது, ஆடுமாடும் ஒதுக்குகிறது. பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகமூடியும் அணிந்து வேரோடு பிடுங்குங்கள். தோல் அழற்சியும் மூச்சிழுப்பும் வரும். பூத்த செடியைக் குழையாகத் தாழ்க்கவே கூடாது.

கண்டலில் மரவகை குறைவு. அப்படியானால் அதன் தொழிற்பாடும் குறைவா?

இல்லை. உப்பு, சேறு, வளியின்மை மூன்றையும் தாங்கும் மரங்கள் உலகிலேயே குறைவு. அந்தச் சிலவே பெருமளவு வேலையைச் செய்கின்றன. வகை எண்ணிக்கையை மட்டும் பார்த்து இடத்துக்கு மதிப்பிடும் பழக்கம் இங்கேதான் உடைகிறது. கண்டலில் மரத்தை மட்டும் எண்ணாமல் நண்டை எண்ணுங்கள். இலையை வளைக்குள் இழுத்துப் புதைப்பதும் சேற்றுக்குள் காற்று விடுவதும் நண்டுதான்.

நடுகை பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிந்திய கண்டல் நடுகைகளை இலங்கையில் 23 இடங்களில் ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றும் தப்பவில்லை. பெரும் காரணம் இடத் தெரிவு: நீர் எப்போதும் நிற்கும் தாழ்ந்த சேற்றில், எளிதில் கிடைக்கும் நீள்காய்க் கண்டலை மட்டும் குத்திவிட்டுப் போவது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கோடையில் உப்பு கடலைவிடக் கூடிவிடும் இடங்களும் உண்டு. வெறுஞ்சேறு வெற்றிடமும் அல்ல. பூநாரையும் உள்ளானும் இரை தேடும் நிலம் அது. நடுமுன் அருகில் இயற்கையாக நிற்கும் கண்டலின் அடிமட்டத்தை நீர்மட்டக் குழாயால் அளந்து, அதே உயரமுள்ள இடத்தைத் தேடுங்கள். அந்த உயரத்தில் நீர்ப்போக்குத் திறந்திருந்தால் கன்று தானாகவே வரும்.

கடற்புல்லுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் வேறு மட்டத்தில். ஒரே இனத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாடும் பல்வகைமைதான். 2003 இன் வெப்ப அலையில் பால்டிக் கடலில் நடந்த பரிசோதனையில், ஒரே இனக் கடற்புல்லின் பல மரபு வகைகளைக் கலந்து நட்ட பாத்திகள் கூடுதலாகத் தப்பின. இங்குள்ள புற்றரைக்கு வெப்பத்துக்கு முன்னால் நிற்கும் ஆபத்து அடியைச் சுரண்டும் இழுவைமடி. 2017 இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. சுரண்டிய இடத்தையும் சுரண்டாத இடத்தையும் ஒப்பிடுவோர் ஆழமும் அடிமண்ணும் ஒத்த இடங்களையே சோடி சேர்க்க வேண்டும்.

அனுமதி வேண்டுமா? எப்போது தொடங்கலாம்?

சொந்தக் காணியில் பயிரும் இலைப்பையும் செய்ய அனுமதி வேண்டியதில்லை. சுண்டிக்குளம், நெடுந்தீவு போன்ற தேசியப் பூங்காக்களிலும், காட்டுவிலங்கைப் பிடிக்கும் எந்த ஆய்விலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடுகளுக்கு வனத் திணைக்களம். விண்ணப்பத்தைப் பல மாதம் முன்னரே கொடுங்கள்.

பயிர்ப் பாத்திகளைத் தை மாதத்தில், வெள்ளம் வடிந்து மண் ஈரம் காக்கும்போது விதைக்கலாம். இலைப்பையைப் புரட்டாதி முடிவில் புதைத்தால் முதல் மழையே உக்கலைத் தொடக்கிவைக்கும். இன்னொரு தொகுதியைச் சித்திரையில் புதைத்தால் மாரிக்கும் கோடைக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைக்கும். நைத்திரேற்று மண்ணை மழைக்கு முன் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் எடுங்கள். ஒரு முறை மட்டும் எடுக்க முடியுமென்றால் மழைக்கு முன் எடுங்கள்.